ஆழ்மனசுக்கு ஒரு தென்னங்கன்று

தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, யுத்தம் முடிந்து மூன்று வருடமாகியும் ஊர் திரும்பாமல் கற்பிட்டிப் பக்கம் கருவாடு போட்டுப் பிழைக்கும் எங்களுக்கு, கொழும்பிலிருந்து ஒரு உள்மனப் பயிற்சியாளர் வந்தார். றஸ்மி சேர். வந்ததிலிருந்து கருவாட்டு நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திய லேஞ்சியை எடுக்கவில்லை. நாங்கள் ஏன் முன்னேறவில்லை என்பதற்கு எங்களுக்கே தெரியாத காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் அவருடைய வேலையாம்.

என் தங்கை உம்மு குல்சூமின் வளவைச் சுற்றிப் பார்த்தார்.

"இவ்வளவு காலம் இருந்தும் ஒரு தென்னை வைக்கல்லயே, ஏன்?"

"இது ஹாஜியார்ட காணி சேர். சும்மா இரிக்கத் தந்தது."

"அது வெளிக் காரணம். உங்கட ஆழ்மனசு இங்க வேர்விட விரும்பல்ல."

வெளிக் காரணமாம்! இரவல் காணியில் வெங்காயம் போடலாம், மிளகாய் போடலாம். தென்னை வைத்தால் காணிக்கு உரிமை கேட்கிறோம் என்று அர்த்தம். எங்கள் பக்கத்துச் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த இதை அக்காக்காரி நான் எடுத்துச் சொன்னேன். "நீங்க தங்கச்சிட பயத்துக்குக் காவல் நிக்கிறீங்க" என்று சிரித்தார்.

அடுத்த கிழமை அவரே ஒரு கன்றைக் கொண்டுவந்து, தங்கை கையால் நடவைத்துப் படமும் எடுத்தார். விசரி, பைத்தியக்காரி, அழுதுகொண்டே நட்டாள். புருஷன் மௌத்தான பிறகு அவளிடம் மனசைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அந்தப் பசியைத்தான் அந்த மனுசன் தின்றான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஹாஜியார் வந்தார். கன்றைப் பிடுங்கி வேலிக்கு வெளியே போட்டார்.

"எடத்தக் குடுத்தா மடத்தப் புடுங்கப் பாக்குறீங்களா? நோன்புக்கு முந்தி காணிய விட்டுடுங்க."

காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

றஸ்மி சேருக்குப் போன் எடுத்தேன். தங்கைக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

"பாத்தீங்களா? அவங்கட ஆழ்மனசு மன்னாருக்குப் போகத் துடிக்குது. அதுதான் தன்னையே வெளியேத்திக்கிட்டுது. இது பெரிய முன்னேற்றம்!"

"கன்றைக் கொண்டுவந்தது ஆருட ஆழ்மனசு?" என்று கத்தினேன். போன் வைக்கப்பட்டிருந்தது. காறித் துப்பினேன். துப்பியும் அந்தக் கசப்பு போகவில்லை.

தங்கை கூரையிலிருந்து ஓலைக் கிடுகை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கியிருந்தாள்.

"றஸ்மி சேர ஏசாதீங்க ராத்தா" என்றாள். "என்ட மனசுக்குள்ளதான் ஏதோ கெட்டது இரிக்கி."