ஃப்ரீ இல்லாத ப்ளான்

1

ஜும்மா முடிந்து, பள்ளிவாசல் படியில் ஆட்கள் தங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரம். வருடம் 2009. கூத்தாநல்லூரில் ஒரு செல்போன் கடையில் டாப்-அப் செய்ய நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும். ஐம்பதை நெருங்கும் மனிதர். அவரைவிடக் கொஞ்சம் இளைய பெண். கண்ணாடிப் பலகையின் மேல் மூன்று நோட்டீஸ்கள். கடைக்காரர் மூன்றையும் விளக்கி முடித்தார். அந்தப் பெண் கேட்டார்:

"ஃப்ரீ இல்லாத ப்ளான் எதுவும் இருக்கா?"

இந்தக் கதையில் எனக்குக் கிடைத்தது இந்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் நான் போட்டது.

அதற்குள் என் டாப்-அப் வந்துவிட்டது. இனி அங்கே நிற்கக் காரணமில்லை. வந்துவிட்டேன். அவர்கள் எந்த ப்ளானை எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

"ஆற்றில் தண்ணீர் வந்து நான்கு நாட்களாகியிருந்த ஒரு"

வேண்டாம். இந்தப் பக்கத்துக் கதைகள் எல்லாம் ஆற்றில்தான் இறங்குகின்றன. இது கடையிலேயே இருக்கட்டும்.

"அவள் சிக்கனமானவள். அதனால்"

'அதனால்' வந்ததும் பேனா நின்றது. சிக்கனமானவள் ஏன் இலவசத்தை மறுக்க வேண்டும்?

"நடராசன் செல்போன் வாங்கிய அன்று வள்ளியம்மை"

இது ஒரு பக்கத்துக்கு மேல் ஓடியது. நடராசன் வயலிலிருந்து கூப்பிடுகிறார். மடை உடைந்துவிட்டது. நடவு ஆள் வரவில்லை. மோட்டார் ஓடவில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லை. வள்ளியம்மை ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலும் ஒரு வசவும் வைத்திருந்தாள். இலவசம் என்றால் இவர்கள் இரண்டு பேரும் கம்பெனியை மூட வைத்துவிடுவார்கள். பேச்சு ஊறிக்கொண்டே இருக்கிற வீட்டில் அந்தக் கேள்வி பிறக்காது. அவர்களை வயலிலேயே விட்டுவிட்டேன்.

ஆகவே கடைக்குத் திரும்புகிறேன்.

3

அவருக்கு ஜெக்கரியா என்று பெயர் வைக்கிறேன். பதினான்கு வருடம் குவைத்தில் இருந்துவிட்டு, இனிப் போவதில்லை என்று வந்துவிட்டவர். பேராவூரணியில் ஒரு தேங்காய் மண்டியில் பங்கு சேர்ந்திருக்கிறார். திங்கள் போய் வியாழன் திரும்ப வேண்டும். நடுவில் பேசத்தான் போன். மனைவிக்கு ஹஃப்ஸா என்று பெயர். ஒரே மகள் சபிஹா. கல்யாணமாகி நாகூர் போய்விட்டாள். கடைக்காரர் ஃபாஜில்; அவர் வாயில் அண்ணன் 'நானா', அக்கா 'லாத்தா'.

[கடையில் நான் பார்த்தபோது அந்தப் பெண் 'அவர்'. பெயர் வைத்ததும் 'அவள்' ஆகிவிட்டாள். அனுமதி கேட்கவில்லை.]

"இது நிமிஷக் கணக்கு. பழசு நானா, விட்டுடுங்க," என்றார் ஃபாஜில். "இது வினாடிக் கணக்கு. பேசுன வினாடிக்கு மட்டும் காசு. பொசுக்குன்னு பேசிட்டு வைக்கிறவங்களுக்கு நல்லது. இது ஜோடி கார்டு. ரெண்டு சிம்மு. இதுலேருந்து அதுக்கு, அதுலேருந்து இதுக்கு, எவ்வளவு பேசுனாலும் ஃப்ரீ. மாசத்துக்கு ஒரு தடவை ரெண்டுக்கும் ரீசார்ஜ் பண்ணிடணும். ஒண்ணு விட்டுப்போச்சுன்னா ரெண்டும் கட்டாயிடும்."

"அது என்ன கணக்குப்பா?" என்றார் ஜெக்கரியா.

"நிக்காஹ் கணக்குதான் நானா."

ஜெக்கரியா சிரித்தார். ஹஃப்ஸா மூன்றாவது நோட்டீஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு போனைக் காதில் வைத்துக்கொண்டு முதுகோடு முதுகு சாய்ந்து நின்றார்கள்.

"நீங்க அங்க, லாத்தா இங்க. இதைவிட மலிவா எவனும் தர முடியாது. விடிஞ்சதுலேருந்து அடையற வரைக்கும் பேசிக்கிட்டே இருக்கலாம்."

"விடிஞ்சதுலேருந்து அடையற வரைக்கும் என்னத்த பேசறது தம்பி?"

"அதுக்கும் நானே நோட்டீஸ் அடிக்கணுமா லாத்தா?"

அப்போதுதான் ஹஃப்ஸா அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

4

ஏன் கேட்டாள்? எனக்குத் தோன்றிய வரிசையில் சொல்கிறேன்.

கணவன் நாள் முழுக்கக் கூப்பிட்டு எங்கே இருக்கிறாய், யார் வந்தது என்று கேட்பான். அந்த வேவுக்குப் பயந்து கேட்டாள். இந்தக் காரணம் நவீனமாக இருந்தது, எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் ஹஃப்ஸாவுக்குப் பொருந்தவில்லை. அவள் தனியாக நின்று மாடி கட்டியவள். கோணலாக எழும்பிய சுவரை இடிக்கச் சொல்லிக் கொத்தனாரைத் திரும்பக் கட்ட வைத்தவள். ஒரு போன் அவளை ஒன்றும் செய்யாது.

அடுத்தது பழக்கம்.

ஜெக்கரியா போன புதிதில் அந்த வீட்டில் போன் கிடையாது. எதிர்வீட்டு எண்ணைத்தான் பி.பி. நம்பர் என்று எல்லோரிடமும் கொடுத்திருந்தார்கள்.* வெள்ளிக்கிழமை கூப்பிடுவார். ஹஃப்ஸா தெருவைக் கடந்து ஓடுவாள். பிறகு சொந்தமாக போன் வந்தது. ஓட்டம் குறைந்தது, பேச்சு நீளவில்லை. அங்கே அவர் கார்டு வாங்கித்தான் பேச வேண்டும். தீரப்போகும்போது கார்டு ஒரு சத்தம் கொடுக்கும். அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் பழகிவிட்டது. ஸலாம். உடம்பு. பணம் வந்ததா. அம்மா எப்படி. சபிஹாவிடம் கொடு. கடைசியில் அவர் "வேற?" என்பார். அவள் "வேற ஒண்ணுமில்ல" என்பாள். அது வணக்கம் சொல்வது மாதிரி. சொன்னால் வைத்துவிடலாம்.

அவர் திரும்பி வந்த முதல் இரண்டு வாரம் வீடு நிறைய ஆட்கள். பிறகு ஒரு மதியம் இருவர் மட்டும்.

"சபிஹா பேசுனாளா?"

"காலைல பேசுனா. நல்லா இருக்கா."

"மாப்பிள்ளை?"

"நல்லா இருக்காராம்."

"கரண்ட் பில்லு?"

"கட்டியாச்சு."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

ஹஃப்ஸா எழுந்து அவர் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். தட்டில் பாதிச் சோறு இருந்தது. அவர் கை இன்னும் காயவில்லை.

அடுப்படி வாசலில்தான் அவளுக்கு உறைத்தது. திரும்பி வந்து தட்டை வைத்தாள்.

"என்ன நெனப்புல எடுத்தேன்னே தெரியல."

"கார்டு தீந்துபோச்சாக்கும்," என்றார் ஜெக்கரியா.

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அவர் மீதிச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார்.

*நம்மிடம் போன் இல்லை, எங்கே கூப்பிட்டால் நம்மை அழைப்பார்கள் என்று சொல்லும் எண். கல்யாணப் பத்திரிகையில்கூட அச்சடித்தார்கள். எதிர்வீட்டார் முகம் சுளிக்காமல் ஆள் அனுப்பினார்கள்; பேச்சையும் கேட்டார்கள்.

5

இந்தப் பகுதி இல்லை. இதில் அவர் குவைத்திலிருந்து பேசிப் பதிந்து அனுப்பிய கேசட் ஒன்று பீரோவில் கிடைத்தது. மிகவும் அழகாக இருந்தது. எடுத்துவிட்டேன்.

6

பழக்கம் போதாது. பழக்கத்தால் தட்டை எடுக்கலாம். கடைக்காரர் முன்னால் அப்படி ஒரு கேள்வியைக் கேட்க வேறு ஒன்று வேண்டும்.

ஜெக்கரியாவின் தாயார் ரஹ்மத் பீவி, சபிஹா ஒன்பதாவது படித்த வருடம், ஐப்பசி மழையில் படுத்தார். கால் வீங்கியது, மூச்சு முட்டியது. திருவாரூர் டாக்டர், மகன் இருந்தால் வரச் சொல்லிவிடுங்கள் என்றார்.

"அவன்கிட்ட சொல்லாத," என்றார் ரஹ்மத் பீவி. "சொன்னா அப்படியே போட்டுட்டு ஓடியாந்துடுவான். திரும்ப விசா யாரு தருவா? நீ ஒரு பொம்புளப் புள்ளைய வச்சிருக்கே."

"கேட்டா என்ன மாமி சொல்றது?"

"நல்லா இருக்கேன்னு சொல்லு. நான்தானே சொல்லச் சொல்றேன்."

அந்த மாதத்தின் வெள்ளிக்கிழமைகளில் ஜெக்கரியா "அம்மா எப்படி இருக்கு?" என்று கேட்டார். ஹஃப்ஸா "நல்லா இருக்காங்க" என்றாள். "வேற?" என்றார். "வேற ஒண்ணுமில்ல" என்றாள். ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவிடம் கொடு என்றார். ஹஃப்ஸா மாமியைத் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினாள். ரஹ்மத் பீவி தொண்டையைச் செருமிச் சரிசெய்துகொண்டு, சாப்பிட்டியா, வெயிலில் நிற்காதே என்று நல்ல குரலில் மகனிடம் பேசினார். போனை வைத்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்கடுத்த போன் ஹஃப்ஸா செய்தது. "மௌத்தாயிட்டாங்க. தூக்கத்துலேயே போயிட்டாங்க." அந்தப் பக்கம் அழுகை. வெகுநேரம் அழுகை மட்டும்தான்.

சொல்லியிருந்தால் அவர் வந்து பார்த்திருக்கலாம். ஹஃப்ஸாவுக்கு அது தெரியும். லீவில் வந்தபோது சொல்ல நினைத்தாள். வீடு நிறைய ஆட்கள். போனில் சொல்ல நினைத்தாள்; இது கார்டில் அடங்குகிற விஷயமில்லை. அவர் திரும்பி வந்தபிறகும் 'வேற ஒண்ணுமில்ல' முந்திக்கொண்டது. தள்ளிப்போட அவளிடம் எப்போதும் ஒரு நல்ல காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைத்தான் ஃபாஜில் மூன்றாவது நோட்டீஸால் பறித்துக்கொண்டிருந்தார்.

[இதை நான் அவள் மேல் ஏற்றலாமா? கடையில் நின்ற பெண்ணுக்கு இப்படி எதுவும் இருந்திருக்க வேண்டியதில்லை. இலவசம் என்றாலே கம்பெனிக்காரன் வேறெங்கோ காசைப் பிடித்துக்கொள்வான் என்று நினைப்பவராக இருக்கலாம். நியாயமான காரணம், பெரும்பாலும் அதுதான் உண்மை. அதற்குக் கதை எழுத வேண்டியதில்லை.]

ஜெக்கரியாவுக்கு இது தெரியுமா? ஒரு வரைவில் எல்லாம் தெரிந்தவராக இருந்தார், பெருந்தன்மையோடு மன்னித்தார். அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். ஆனால் கிழித்ததில் கொஞ்சம் அவரிடமே தங்கிவிட்டது. அம்மா எத்தனை நாள் படுத்திருந்தது என்று இத்தனை வருடமாக அவரும் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதற்கு அவரிடமும் கார்டு இருந்தது.

7

முடிவு, ஒன்று. வினாடிக் கணக்கு எடுக்கிறார்கள். "வந்து சேந்துட்டேன்." "சரி." இன்னும் சுருங்குகிறது. வியாழன் வருகிறார், மீன் வாங்கி வருகிறார், திங்கள் போகிறார். இதைச் சோகம் என்று சொல்ல மாட்டேன். எத்தனையோ வீடுகள் இப்படி நல்லபடியாகவே நடக்கின்றன.

முடிவு, இரண்டு. கடையிலேயே ஹஃப்ஸா எல்லாவற்றையும்

இல்லை. ஃபாஜில் நிற்கிறார். பின்னால் டாப்-அப்புக்கு நான் வேறு நிற்கிறேன்.

மூன்றாவதை எழுதிப் பார்க்கிறேன்.

"எல்லாரும் ஃப்ரீ இருக்கான்னு கேப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் லாத்தா தலைகீழா கேக்கறீங்க."

"காசு போனாத்தான் தம்பி அளவாப் பேசத் தோணும்," என்றாள் ஹஃப்ஸா.

ஃபாஜில் ஜெக்கரியாவைப் பார்த்தார். ஜெக்கரியா வினாடிக் கணக்கு நோட்டீஸை எடுத்தார், ஒரு முறை படித்தார், மடித்துக் கண்ணாடியின் மேல் வைத்தார்.

"பதினாலு வருஷம் அளவாத்தானே பேசுனோம்," என்றார். ஃபாஜிலிடம் சொல்வது போலத்தான் சொன்னார். "ஜோடியே போடு."

"போட்டோவும் ரேஷன் கார்டு ஜெராக்ஸும் கொடுங்க நானா."

ஹஃப்ஸா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். வேண்டாம் என்று மறுபடி சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் அவளைக் கேட்கவில்லை.

8

இன்னும் ஒரு போன் இருக்கிறது. அதன் கடைசிப் பதில் ஹஃப்ஸாவுடையது. இரண்டு விதமாக எழுதினேன். ஒன்றில் பழைய பதிலைச் சொன்னாள். அது பொய்யாக இல்லை. இன்னொன்றில் ஐப்பசி மழையிலிருந்து தொடங்கினாள். அதுவும் பொய்யாக இல்லை. இரண்டையும் இங்கே வைக்கவில்லை. ஹஃப்ஸாவை என்னைப் போலவே உங்களுக்கும் இப்போது தெரியும். நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை, மதியம்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. மெஸ்ஸுல மீன் கொழம்புன்னான். மீனத்தான் காணும்."

"வியாழக்கிழமை வாங்க, காட்டறேன்."

"நீ சாப்புட்டியா?"

"இனிமேதான். பின்னாடி என்ன சத்தம்?"

"காய் எண்ணுறாங்க. ஒண்ணுன்னு ஆரம்பிக்க மாட்டாங்க. லாபம்னுதான் ஆரம்பிப்பாங்க."

ஹஃப்ஸா கேட்டாள். லாபம், ரெண்டு, மூணு. தேங்காய் மேல் தேங்காய் விழும் சத்தம்.

"சபிஹா பேசுனாளா?"

"பேசுனா. வெள்ளிக்கிழமை வராளாம்."

"கேஸ் சிலிண்டரு வந்துச்சா?"

"வந்துடுச்சு."

வழக்கமாக முடிகிற இடம் வந்துவிட்டது. இரண்டு பேரும் காத்திருந்தார்கள். கார்டு தீரும் அந்தச் சத்தம் வரவில்லை. ஹஃப்ஸா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. வேறெதுவும் ஓடவில்லை. மறுபடி காதில் வைத்தாள்.

"ஹஃப்ஸா."

"ம்."

"இது ஃப்ரீதான்."

"தெரியும்."

எண்ணும் குரல் தேய்ந்தது. அவர் மண்டியைவிட்டு வெளியே வந்து நின்றிருக்க வேண்டும். இப்போது அவர் மூச்சு மட்டும் கேட்டது.

"வேற?" என்றார்.