இடப்பக்கக் கை

“கைய உள்ள வை அத்தா. இண்டிகேட்டர் போட்டுட்டேன்.”

ஷரஃபுதீன் கையை எடுக்கவில்லை. இடது கையை ஜன்னலுக்கு வெளியே முழுசாக நீட்டி, விரல்களை விரித்துப் பிடித்திருந்தார். மெயின் ரோட்டிலிருந்து பாலவாக்கம் கடற்கரைத் தெருவுக்குள் கார் திரும்பிய பிறகுதான் கை உள்ளே வந்தது.

“நீ லைட்டு போட்டா எவன் பாக்குறான்? கைய பாத்தாதான் நிப்பான்.”

“இந்தக் கையப் பாத்தா?” அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி சகினா சொன்னாள். “காஞ்ச கருவாடு மாதிரி கீது.”

“நீ தின்ன கருவாடெல்லாம் இந்தக் கை சம்பாரிச்சதுதான்டி.”

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மகள் ஜுவேரியா சிரித்தாள். காலையிலிருந்து இதுதான். ஒவ்வொரு இடது திருப்பத்துக்கும் அத்தாவின் கை வெளியே போனது. வாலிப வயசிலிருந்து திருவல்லிக்கேணியில் பாரம் ஏற்றும் ட்ரைசைக்கிள் மிதித்தவர். அந்த வண்டிக்கு ஏது இண்டிகேட்டர்? கைதான்.

புற்று நுரையீரல் முழுக்கப் பரவிவிட்டது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு அத்தா சொன்னது ஒன்றுதான்.

“மெட்ராஸ் பூரா மிதிச்சுக்கினே சுத்திட்டேன். ஒருவாட்டி ஒக்காந்துக்கினு சுத்தணும். நீ ஓட்டணும்.”

ஜுவேரியா தி. நகர் துணிக்கடையில் பில் போடுகிறவள். லைசென்ஸ் வாங்கி வருஷம் முடியவில்லை. லீவு போட்டு, போனிலேயே ஒரு காரை ஒருநாள் வாடகைக்கு எடுத்தாள். கறுப்பு நம்பர் பிளேட், சின்ன வெள்ளைக் கார். முன்சீட்டைச் சாய்த்து, பழைய போர்வையை மடித்துப் போட்டு அவரை உட்கார வைத்தாள்.

அடையாறில் ஒரு மாடி வீட்டைக் காட்டினார். “இதுக்கு நான்தான் மார்பிள் ஏத்தினேன். மூணு மாடி. லிஃப்ட்ல பாரம் ஏத்தக் கூடாதுன்னுட்டான்.”

“அப்புறம் எதுல ஏத்துறதாம்?”

“என் மேலதான்.”

பேச்சு இருமலாக மாறியது. சகினா பின்னாலிருந்து தண்ணீர் பாட்டிலை அவர் வாயில் வைத்தாள். பாதி உள்ளே போனது, பாதி சட்டையில் வழிந்தது.

பாலத்தில் ஏறியதும் ஆற்று வாடை வந்தது.

“கண்ணாடிய ஏத்தட்டுமா அத்தா?”

“இருக்கட்டும். நாறினாலும் காத்து நல்லா வருது.”

அடுத்து தி. நகர். அவர் துணி மூட்டை இறக்கிய கடைகளெல்லாம் அங்கேதான். பாலம் இறங்கியதும் ஜுவேரியா கிரீன்வேஸ் சாலைக்கு இடப்பக்கம் இண்டிகேட்டர் போட்டாள். கார் திரும்பியது.

கை வெளியே போகவில்லை.

திரும்பிப் பார்த்தாள். கை மடியில் கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அடுத்த சிக்னலில் நின்றபோது கியரிலிருந்து கையை எடுத்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். சூடாகத்தான் இருந்தது. வேறு எதுவும் இல்லை.

தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனால், வரும்போதே உயிர் இல்லை என்பார்கள். போலீஸ் வரும். மார்ச்சுவரிக்கு எடுத்துப் போவார்கள். பக்கத்து வீட்டு ஆளுக்கு அப்படித்தான் ஆனது; தைத்த உடம்பாகத் திரும்பி வந்தார். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று, “என்ன மட்டும் அறுக்க வுட்றாதீங்க” என்று அத்தா சொல்லியிருந்தார். இங்கே சொன்னால் அம்மா கத்துவாள். நெஞ்சுக்கு மாத்திரை போடுகிறவள். கூட்டம் கூடும். எவனாவது ஆம்புலன்சுக்கு போன் போடுவான்.

வீடு போய்ச் சேருகிறவரை அம்மாவுக்குத் தெரியக் கூடாது.

“அம்மா, தி. நகர் இன்னொரு நாள் போலாம். ஒரே டிராஃபிக்கா காட்டுது.”

“சரி.”

“அத்தா தூங்கிட்டாரு.”

“தூங்கட்டும். நீ ரோட்டப் பாத்து ஓட்டு.”

ஜுவேரியா காரை மந்தைவெளிப் பக்கம் விட்டாள். கிளட்சை விடும்போது கார் குலுங்கி, அத்தாவின் தலை சரிந்தது. பின்னாலிருந்து சகினாவின் கை வந்து தலையைப் பிடித்துக்கொண்டது. நெற்றியைத் தடவி, அப்படியே கண் வரைக்கும் இறங்கியது. வேர்வையைத் துடைக்கிறாள் போலிருக்கிறது.

“காத்து அடிக்குது. அந்த ஜன்னல ஏத்து,” என்றாள் சகினா. பையிலிருந்து துண்டை எடுத்து, அவர் தாடைக்குக் கீழே கொடுத்து, காதை மூடி, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். வாய் மூடிக்கொண்டது.

தாடை கட்டுவது, வீட்டுக்குப் போனதும் யாராவது செய்ய வேண்டிய வேலை. காதுக்குக் குளிரும் என்று அம்மா தெரியாமலே செய்துவிட்டாள். ஜுவேரியாவுக்கு ஏதாவது பேச வேண்டும்போல் இருந்தது.

“மத்தியானத்துக்கு இன்னாம்மா ஆக்கின?”

“ரசம்.”

லஸ்ஸில் டிராஃபிக் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். குனிந்து உள்ளே பார்த்தார்.

“பெரியவருக்கு இன்னா?”

ஜுவேரியா குனிந்து லைசென்ஸைத் தேடினாள்.

“ஒடம்பு சரியில்ல சார்,” என்றாள் சகினா. “இப்பத்தான் கண்ண மூடினாரு. வூட்டுக்குக் கூட்டிக்கினு போறோம்.”

அவர் கார் கூரையைத் தட்டி அனுப்பினார்.

ராயப்பேட்டை தாண்டினார்கள். கண்ணாடியில் அம்மாவின் உதடுகள் மட்டும் அசைந்தன. பஸ்ஸில் ஏறினால்கூட இறங்குகிறவரை ஓதிக்கொண்டே வருகிறவள்தான்.

திருவல்லிக்கேணியில் அவர்கள் சந்து இடப்பக்கம். முனையில் பழவண்டி, தாறுமாறாக நிறுத்திய பைக்குகள், பின்னால் ஒட்டிக்கொண்டே ஹாரன் அடிக்கும் ஆட்டோ. ஜுவேரியா வேகத்தைக் குறைத்து இண்டிகேட்டர் போட்டாள். அது டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

பின் ஜன்னல் கண்ணாடி இறங்கும் சத்தம் கேட்டது.

இடப்பக்கத்து வெளிக் கண்ணாடியில் பார்த்தாள். அம்மாவின் கை வெளியே வந்தது. கண்ணாடி வளையல்கள் குலுங்க முழுசாக நீண்டு, விரல்களை விரித்தது.

ஆட்டோ நின்றது. ஜுவேரியா திருப்பினாள்.