அக்கரைப் பரீட்சை

கிளம்புமுன் நைனாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுக்கொள்ளலாம் என்று குனிந்தான் தசரதன். கால் சில்லிட்டிருந்தது. மார்கழிப் பனிக்கு ஏரிக்கரையில் யார் கால்தான் சூடாக இருக்கும் என்று போர்வையை இழுத்து மூடப் போனவன், கணுக்காலைப் பிடித்துப் பார்த்தான். பிறகு நெஞ்சில் கை வைத்தான். மூக்கருகே புறங்கையை நீட்டிக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். அப்போதுதான் கண்ணில் பட்டது: நைனாவின் தலையில் ஒரு துண்டு சுற்றியிருந்தது, பனிக்குக் கட்டுவதுபோல. ஆனால் பனிக்குக் கட்டுகிறவர்கள் முகவாயை இத்தனை இறுக்கி உச்சந்தலையில் முடிச்சுப் போடமாட்டார்கள்.

வாசலில் அம்மா பச்சையம்மா கூழ்க் கலயத்தோடு நின்றிருந்தாள்.

"குடிச்சிட்டுக் கெளம்பு. தோணி வந்துடும்."

"யம்மா..."

"நைனா தூங்குது. எழுப்பாத."

அவள் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. கண்ணும் காய்ந்துதான் இருந்தது. அவன் கலயத்தை வாங்கிக் குடித்தான். உப்பு இருந்ததா இல்லையா என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. அழுகை வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. அதற்குப் பதிலாக, நேற்று மாலை படித்த உலாந்தா பாஷை எண்கள் தலைகீழாக மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தன.

அம்மா ஏன் வாய் திறக்கவில்லை என்பது அவனுக்குப் புரிந்தது. குப்பத்தில் ஓர் உயிர் போனால், அதை எடுத்து அடக்கம் செய்து எல்லோரும் தலைமுழுகும் வரை ஒரு தோணியும் தண்ணீரில் இறங்காது. செத்தது பிறந்த குழந்தையானாலும் சரி, ஊர்ப் பெரியதனக்காரரானாலும் சரி, வலை நனையாது. பொணம் கிடக்கும்போது தண்ணீரில் இறங்கியவனைத் தண்ணீர் மறக்காது என்று இங்கே பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். கோட்டை இருப்பதோ ஏரிக்கு அக்கரையில். பரீட்சை இன்றைக்கு. அவள் ஒரு குரல் எடுத்திருந்தால் போதும், கரையில் அத்தனை தோணியும் ஏறி உட்கார்ந்திருக்கும். அவனும் உட்கார்ந்திருப்பான்.

முகத்துவாரச் சாவடியில் சரக்குக்குச் சுங்கம் எழுத ஓர் ஆள் வேண்டும் என்று கோட்டையிலிருக்கும் உலாந்தாக்காரர்கள், அந்த டச்சு வெள்ளைக்காரர்கள், தண்டோரா போட்டது போன ஆடியில். உலாந்தா பாஷை பேச வேண்டும், எழுத வேண்டும், பாரத்தைப் பவுண்டாக மாற்றத் தெரிய வேண்டும். எத்தனை பேர் வந்தாலும் ஒருவனுக்குத்தான் வேலை. கிடைத்தவன் சாகிற வரை அந்த நாற்காலியை விடமாட்டான் என்பதால், தவறவிட்டவன் அதை மறந்துவிடலாம். தசரதனின் அண்ணன் லோகநாதன் அதே முகத்துவாரத்தில்தான் சுழியில் போனவன். உடம்பு கிடைக்கவில்லை. அன்றைக்கே பச்சையம்மா முடிவு கட்டிவிட்டாள், இருக்கிற ஒருவன் இனி தோணிக் கோல் பிடிக்கமாட்டான் என்று. தண்டோராவைக் கேட்டதும் அவனைப் படிக்கச் சொல்லி மணலில் உட்கார வைத்துவிட்டாள். கோட்டைச் சமையல்கட்டில் எடுபிடியாக இருந்த கங்காதரன் அவன் வயசுக்காரன். தனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்து அவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். காலையில் எழுத்து, மத்தியானம் கணக்கு, வெயில் தாழ்ந்தால் பேச்சு. தோணி நிழலில் உட்கார்ந்து மீன் முள்ளால் மணலில் எழுதி எழுதி அழிப்பான். தண்ணீர்ப் பக்கம் திரும்பக் கூடாது என்று அம்மா உத்தரவு. "தொரை படிக்கிறாரு, ஓரமா போங்கடா" என்று வலை தூக்கிப் போகிறவர்கள் சிரிப்பார்கள். மறதி வரும் என்று கெளுத்தி மீனை நிறுத்தினாள் ஒருத்தி. நாக்குப் புரளும் என்று தேன் கொண்டுவந்து தடவினாள் இன்னொருத்தி. தொழிலுக்குப் போகாத வீட்டுக்குப் பாடு, அதாவது ஏரியில் வலை கட்டும் முறை, இல்லை என்பதால் அவர்கள் வீட்டுப் பங்கும் போயிற்று. ஆக, இந்த வேலை கிடைக்காவிட்டால் தண்ணீரிலும் இடமில்லை, கரையிலும் இடமில்லை. அது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் சொல்லவில்லை.

அக்கா புருஷன் கோதண்டம் தோணியோடு வந்தான். இன்றைக்கு ஏரியில் இந்தக் குப்பத்தின் பாடு. நல்ல இடத்தில் வலை கட்டும் முறை. இன்று விட்டால் அடுத்த ஊருக்குப் போய்விடும். அதனால் விடியுமுன்பே எல்லாத் தோணியும் தண்ணீரில் இருந்தன.

"மாமாவுக்கு எப்படிடா கீது?"

"தூங்குது."

"ராத்திரி இருமல் கேக்கலியேன்னு பாத்தேன். நல்லாத் தூங்கட்டும்."

கோதண்டம் கோலை ஊன்றித் தள்ளினான். தசரதன் திரும்பிப் பார்த்தான். அம்மா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். தினமும் பெருக்குகிற அதே குனிவு, அதே கை. அப்படிப் பெருக்க அவளால் எப்படி முடிகிறது என்று நினைத்தான். தன்னால் எப்படித் தோணியில் உட்கார முடிகிறது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது.

கோட்டைக்குள் நீளமான தாழ்வாரத்தில் அவர்களை உட்கார வைத்தார்கள். பக்கத்தில் அனுப்பம்பட்டிலிருந்து வந்த செங்கல்வராயன். நெல் விளையும் வீட்டுப் பிள்ளை. வெளுத்த வேட்டி, நெற்றி நிறைய திருநீறு. நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டே இருந்தான்.

"ஒனக்குப் பயமா இல்லியா?"

"இல்ல."

"இன்னா ஆளுய்யா நீ!"

பொய் சொல்லவில்லை தசரதன். இத்தனை மாதமும் இந்த நாளை நினைத்தாலே கை வேர்க்கும், எழுத்து கோணிக்கொள்ளும். இன்றைக்குக் கை உலர்ந்து கிடந்தது. அந்தக் கை தன்னுடையதுதானா என்று ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டான். காகிதத்தைக் கொடுத்தார்கள், எழுதினான். துணிமூட்டைகளின் எடையைக் கொடுத்தார்கள், மாற்றினான். எழுத்து அச்சுப்போல விழுந்தது. மற்றவர்கள் சுரண்டிச் சுரண்டி அழிக்கிற சத்தம் கேட்டது.

பேச்சுப் பரீட்சைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். உலாந்தா அதிகாரி ஒருவர் சன்னலோரம் சாய்ந்திருந்தார். பக்கத்தில், அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் கிழ துபாசி. எல்லோரையும் கேட்கிற கேள்வியைத்தான் அவனையும் கேட்டார் துபாசி, உலாந்தா பாஷையில். உன் பேர் என்ன? எந்த ஊர்? காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது? உன் தகப்பனார் சுகமா?

கங்காதரன் சொல்லிக்கொடுத்த பாடத்தில் அதற்குப் பதில் உண்டு. மணலில் எத்தனையோ தடவை எழுதிய வாக்கியம்.

"என் தகப்பனார் சுகமாக இருக்கிறார், ஐயா. கடவுளுக்கு நன்றி" என்று உலாந்தாவில் சொன்னான் தசரதன். எங்கேயும் தட்டவில்லை. துபாசி அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி முதல் தடவையாகச் சன்னலிலிருந்து திரும்பி, தலையை அசைத்தார்.

வெயில் சாய ஆரம்பித்தபோது துபாசி வெளியே வந்து அவன் பேரைச் சொன்னார். முதல் பரீட்சையிலேயே இப்படி எழுதியவனைப் பார்த்ததில்லை என்றும் சொன்னார். செங்கல்வராயன் தூணில் சாய்ந்து, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். போகிறவர் வருகிறவரெல்லாம் பார்க்க அழுதான். தசரதனுக்கு அந்த நாளில் வந்த ஒரே உணர்ச்சி அப்போதுதான் வந்தது. பொறாமை. இவனால் நாலு பேர் முன்னால் அழ முடிகிறதே என்று.

வலை இழுத்துவிட்டுத் திரும்பி வந்து கரையில் காத்திருந்த கோதண்டத்திடம் "கெடச்சிடுச்சி மாமா" என்றான். அவ்வளவுதான், கோதண்டம் அவனைத் தூக்கியே தோணியில் போட்டான். வழியெல்லாம் வலை கட்டியிருந்த தோணிகளைப் பார்த்துக் கத்தினான். "ஜெயிச்சிட்டாண்டா! எம் மச்சான் சாவடித் தொரைடா!" ஏரியெங்கும் கோல்கள் உயர்ந்தன. சீழ்க்கை பறந்தது. இந்த வருஷத்தில் இப்படி இறால் விழுந்ததில்லையாம். தோணிக்குத் தோணி கூடை நிறைந்து துள்ளிக்கொண்டிருந்தது. ஒருவன் பக்கத்தில் வந்து கையளவு நீளக் கொடுவா மீன் ஒன்றை அவன் மடியில் வீசினான்.

"ஒங்க நைனாவுக்குக் கொழம்பு வெக்கச் சொல்லுடா. பெரியவரு காத்துனு கெடப்பாரு."

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான் தசரதன். காலையிலிருந்து இவர்கள் அத்தனை பேரும், சிரித்துக்கொண்டே, தெரியாமல், செய்யக் கூடாததைச் செய்துகொண்டிருக்கிறார்கள். செய்ய வைத்தது அவன். பாஷை இருந்தது, உலாந்தாவில்கூட ஒழுங்காகச் சொல்லிவிடுவான். குரல்தான் எழவில்லை. கொடுவாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பச்சையம்மா தண்ணீர் விளிம்பில் நின்றிருந்தாள்.

"ஆச்சா?"

"ஆச்சு."

அவள் தலையை ஒருதரம் ஆட்டிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். அவசரமில்லாத நடை. வாசலில் நின்று கொண்டையை அவிழ்த்தாள். உள்ளே போனாள். அதன் பிறகு எழுந்த குரலைத் தசரதன் தன் அம்மாவின் குரல் என்று நம்பவில்லை. அண்ணன் போனபோதுகூட அவள் அப்படிக் கத்தியதில்லை.

பெண்கள் ஓடினார்கள். தோணிகள் ஒவ்வொன்றாகக் கரை சேர்ந்தன. பக்கத்து வீட்டுக் குப்பம்மாள்தான் முதலில் உள்ளே போய்ப் பெரியவர் மேல் விழுந்து அழுதவள். அழுகை பாதியில் நின்றது. அவர் கையைத் தூக்கி மடித்துப் பார்த்தாள். அது மடியவில்லை. கட்டைபோல விறைத்திருந்தது. அவள் பச்சையம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வெளியே வந்து, யாரையும் பார்க்காமல், "காலைலியே போயிருக்கு" என்றாள்.

ஒரு வசவு விழுந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கோதண்டம் நின்ற இடத்தில் நின்று தன் கைகளைப் பார்த்தான். பிறகு தோணிக்குள் ஏறி, முதல் கூடையைத் தூக்கி, ஏரியில் கவிழ்த்தான். அதைப் பார்த்துப் பக்கத்துத் தோணிக்காரன் தன் கூடையைத் தூக்கினான். அதற்குப் பக்கத்தவனும். கரை நெடுகச் சத்தமில்லாமல் கூடைகள் கவிழ்ந்தன. உயிரிருந்த இறால்கள் தண்ணீரில் விழுந்ததும் பின்பக்கமாகத் துள்ளி ஓடின. செத்தவை அலையில் வெளுத்து மிதந்து, விளிம்பில் நின்ற தசரதனின் கால்களைச் சுற்றி வந்து ஒதுங்கின.

அவன் கையில் கொடுவா இருந்தது. அதன் செவுள் இன்னும் மெல்லத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.