முப்பத்திரண்டாம் ஞாயிறு

என் கண்ணுக்கு வந்த வியாதிக்குத் தேனி டாக்டர் ஒரு இங்கிலீஷ் பேர் சொன்னார். அது என் வாயில் நுழையாது. எனக்குத் தெரிந்த விதத்தில் சொல்கிறேன். எதை நேருக்கு நேர் பார்க்கிறேனோ அது மட்டும் தெரியாது, சுற்றியிருப்பதெல்லாம் தெரியும். மருமகள் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அவள் காதைப் பார்க்க வேண்டும். அப்போது முகம் ஓரத்தில் நிழலாட்டமாகத் தெரியும். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல! ஆபரேஷன் செய்தால் சரியாகுமா என்று கேட்டேன். ஆகாது என்றார். சொட்டு மருந்து விட்டால்? அதுவும் ஆகாதாம். "அப்பறம் எதுக்குய்யா இம்புட்டு நேரம் என் கண்ணுல வெளக்கடிச்ச?" என்று கேட்டுவிட்டேன். கிளாரா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

கிளாராதான் என் மருமகள். மகன் பீட்டர்ராஜ் சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் ஒன்றைக் குத்தகைக்குப் பிடித்திருக்கிறான். இரண்டு வருஷமாக ஐப்பசி மழை விட்டபாடில்லை. காய் வெடித்து, பழம் கொடியிலேயே அழுகி, அவன் வீட்டுக்கு வந்தால் யாரோடும் பேசுவதில்லை. அவனிடம் போய் என் கண்ணைப் பற்றி வேறு சொல்ல வேண்டாம் என்று நானும் கிளாராவும் பேசி வைத்துக்கொண்டோம். "வயசானா கொஞ்சம் மங்கத்தேன் செய்யும்னாக" என்று அவள் அவனிடம் சொல்லிவிட்டாள்.

ஒரு மனுஷிக்குச் சந்தோஷப்பட என்ன வேண்டும்? எனக்கு ரொம்ப வேண்டாம். விடியற்காலைப் பூசை. பூசை முடிந்ததும் மரியாயின் சேனை என்கிற ஜெபக்கூட்டத்துப் பெண்களோடு கோயில் வாசலில் நின்று கொஞ்சம் ஊர்வம்பு. அப்புறம் கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிற பேத்தி ஜாய்ஸ் போனில் வந்து, "அப்பாயி, இன்னைக்கு யார ஏசுனீங்க?" என்று கேட்பது. மத்தியானம் ஒரு கதைப் புத்தகம். அவ்வளவுதான்.

மத்தியானத்தில் பக்கத்து வீட்டு அக்கம்மாள் வருவாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. வாரப் பத்திரிகைத் தொடர்கதையை நான் சத்தமாக வாசிப்பேன். அவள் வெற்றிலையை மென்றுகொண்டு கேட்பாள். கதையில் வரும் மாமியார்க்காரியை இரண்டு பேரும் சேர்ந்து வாய்க்கு வந்தபடி ஏசுவோம். போன வருஷம் எழுத்துக் கலைய ஆரம்பித்ததும், கண்ணாடி உடைந்துவிட்டது என்று அவளிடம் சொன்னேன். "புதுக் கண்ணாடி எப்பத்தா வரும்?" என்று கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு அவளும் வருவதைக் குறைத்துக்கொண்டாள். அந்தக் கதையில் மூத்தவளுக்குக் கல்யாணம் நடந்ததா, நின்றதா என்று இன்றுவரை எங்கள் இருவருக்குமே தெரியாது.

மிச்சமிருந்தது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வேதத்திலிருந்து முதல் வாசகம் வாசிப்பது. பெண்களும் வாசிக்கலாம் என்று எங்கள் ஊர்க் கோயிலில் வந்தபோது முதலில் மேடை ஏறியவள் நான். கரண்டு போய் மைக் படுத்துவிட்டாலும் கடைசி வரிசைக்குக் கேட்கிற தொண்டை. "சவேரியம்மா வாசிச்சா கல்லறையில கெடக்குறவுக கூட எந்திரிச்சு வந்துருவாக" என்று என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது கேலி செய்வார். கேலி செய்துவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வார்.

இப்போதிருக்கும் சாமியார் சின்ன வயசு. நல்லவர்தான். ஆனால் எல்லாம் பிசகாமல் நடக்க வேண்டும் அவருக்கு. என் கண் விஷயம் தெரிந்தால் அன்றைக்கே இறக்கிவிடுவார்கள். திட்டி இறக்கினால்கூடப் பரவாயில்லை, பதிலுக்கு நானும் இரண்டு கேட்டுவிடுவேன். கையைப் பிடித்து, அன்பாக, "நீங்க செத்த உக்காருங்க பாட்டி" என்பார்கள். அந்த அன்பை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மேடையும் போய்விட்டால் நான் எதற்கு விடிந்து எழுந்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

அதனால் நானும் கிளாராவும் ஒரு வேலை செய்தோம். கோயில் கணக்கில் ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஒரு எண், அதற்கென்று ஒரு வாசகம் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து மறுநாள் வாசகத்தை வீட்டுப் புத்தகத்திலிருந்து வாசிப்பாள். அவள் ஒரு வரி, நான் ஒரு வரி. படுக்கப் போவதற்குள் முழுசும் எனக்கு மனப்பாடம் ஆகிவிடும். காலையில் மேடை ஏறி, விரித்து வைத்த புத்தகத்தில் விரலை ஓட்டியபடி ஒப்பித்துவிட்டு இறங்குவேன். நடுவில் இரண்டு தடவை நிமிர்ந்து சனத்தைப் பார்ப்பேன். ஏமாற்று வேலைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தொண்டை என்னுடையதுதானே?

நவம்பர் முதல் ஞாயிறு கல்லறைத் திருநாளாக அமைந்துவிட்டது. அன்றைக்கு வாசகம் மாறும் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அது முடிந்த அடுத்த சனிக்கிழமை கிளாரா கேட்டாள்.

"நாளைக்கு எத்தனாவது ஞாயிறுங்கத்தை?"

"போன வாரம் முப்பத்தொண்ணு வந்திருக்கணும். அப்ப நாளைக்கு முப்பத்திரண்டு. வருசம் பூராம் கோயிலுக்குப் போறவ, இதுகூடவா தெரியல?"

அவள் முப்பத்திரண்டாம் ஞாயிறைத் தேடி எடுத்தாள். ஒரு தாயையும் அவள் பெற்ற ஏழு ஆண்பிள்ளைகளையும் ராஜா பிடித்துவந்து, வேதம் விலக்கின கறியைத் தின்னச் சொல்லி அடிக்கிற வாசகம். ஒவ்வொரு பிள்ளையாகச் சாகிறான். ஒருத்தனும் பணியவில்லை. கிளாரா நடுவில் நிறுத்தி மூக்கைச் சிந்தினாள். எனக்கோ உள்ளுக்குள் குஷி. குரல் இருக்கிறவளுக்கு இப்படி ஒரு வாசகம் எப்போதோ ஒரு தரம்தான் வாய்க்கும்.

மறுநாள் என்னமாய் வாசித்தேன் தெரியுமா! ராஜாவுக்கு ஒரு குரல், பிள்ளைகளுக்கு ஒரு குரல். கோயிலில் இருமல் சத்தம்கூட இல்லை. என் குரலுக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இறங்கி வந்து கிளாரா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பாடற்குழு வாசகத்துக்கு ஏற்ற பதில் பாட்டை எடுத்தது. ஆற்றைப் பற்றிப் பாடினார்கள். ஏழு பிள்ளைகளைப் பறிகொடுத்த தாயின் வாசகத்துக்கு ஆற்றுப் பாட்டு எதற்கு? எங்கேயோ பிசகிவிட்டது என்று எனக்கு அப்போதுதான் பட்டது. பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே யாரோ விறுவிறுவென்று மேடைக்குப் போய்ப் புத்தகத்தின் தாள்களைப் புரட்டுகிற சத்தம் மைக்கில் கேட்டது. வெள்ளைச் சட்டை, ஒரு பக்கமாகச் சாய்ந்த நடை. மணியடித்து, புத்தகம் விரித்து வைக்கிற கோயில்பிள்ளை அமல்ராஜ்.

பிரசங்கத்தில் விவரம் தெரிந்தது. ரோமாபுரியில் பாப்பரசரின் பேராலயத்தை நேர்ந்தளித்த நாள் நவம்பர் ஒன்பதாம் தேதியாம். அது ஞாயிற்றுக்கிழமையில் வந்துவிட்டால் அந்த வருஷத்தில் முப்பத்திரண்டாம் ஞாயிறு என்று ஒன்று கிடையாது. வாசகம் ஆலயத்திலிருந்து தண்ணீர் பெருகி ஓடுகிற வாசகம். சாமியார் அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் பிரசங்கம் தயார் செய்து வந்திருந்தார். யாரும் கேட்டிராத தண்ணீரைப் பற்றி அவர் பேசப் பேச, எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பூசை முடிந்து உடை மாற்றும் அறைக்குப் போனேன். சாமியார் அமல்ராஜைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எந்தப் பக்கத்த விரிச்சு வச்சீங்க? நேத்தே சொன்னேன்ல, நாளைக்கு வேற வாசகம்னு?"

"தப்புத்தேன் சாமி. பழக்க தோசத்துல முப்பத்திரண்ட விரிச்சுட்டேன். மதினி வாசிக்கவும்தேன் எனக்கே தெரிஞ்சது. ஓடிப்போயி மாத்தி வச்சேன்."

பொய். அமல்ராஜ் புத்தகத்தில் பிசகுகிற ஆளே இல்லை. சரியான பக்கத்தை விரித்து வைத்துவிட்டு, நான் வேறு எதையோ வாசிப்பதைக் கேட்டு, என் கண்ணைப் பற்றி ஒரு நொடியில் விளங்கிக்கொண்டு, ஊர் பார்க்கத் தாளைப் புரட்டியிருக்கிறான். புத்தகம் சரியாக இருந்தது என்று நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். ஊரையே வாயால் உருட்டுகிற எனக்கு அன்றைக்குப் பார்த்து நாக்கு எழவில்லை.

"போன மாசம் திருநாள் அன்னைக்கு மணியடிக்க மறந்தீங்க. இப்ப இது. ஒங்களுக்கும் வயசாகுதுண்ணே. வேற ஆள் பாத்துக்கிறேன். சாயங்காலம் சாவியக் குடுத்துருங்க" என்றார் சாமியார். சத்தம் போடவில்லை. வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் அமல்ராஜைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏலே, யாரக் கேட்டு எம்பழிய நீ ஏத்துக்கிட்ட?"

"விடுங்க மதினி. சாவி போனாப் போவுது. நீங்க வாசிக்காம பூசை என்னத்தப் பூசை?"

அவனுக்குப் பெண்டாட்டியும் இல்லை, பிள்ளையும் இல்லை. கோயிலுக்குப் பின்னால் இருக்கிற அந்த ஒற்றை அறையும் மணிக்கயிறும்தான் அவன் குடும்பம். அதை எனக்காக விட்டுவிட்டு மழையில் நடந்து போனான்.

வீட்டுக்கு வந்தால் கிளாரா, "தப்பிச்சோம்த்தை" என்றாள். பாவம், எனக்காகச் சந்தோஷப்பட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மனசு எப்படியெல்லாம் பேசிற்று தெரியுமா? அவனாகத்தானே சொன்னான், நீயா சொல்லச் சொன்னாய்? அவனுக்கும் வயசாகிவிட்டதுதானே? இன்னும் ஒரு வருஷம் வாசித்துவிட்டுப் பிறகு சொல்லிக்கொள்ளலாமே? இவ்வளவு கேவலமாக எனக்கு யோசிக்க வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சாயங்காலம் குடையை எடுத்துக்கொண்டு சாமியார் பங்களாவுக்குப் போனேன்.

"சாமி, புத்தகம் சரியாத்தேன் விரிச்சிருந்துச்சு. எனக்குத்தேன் கண்ணு தெரியல. ஒரு வருசமா மனப்பாடம் பண்ணித்தேன் சொல்றேன். அமல்ராஜ்கிட்டச் சாவிய வாங்காதீக."

அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"ஏம்மா மறைச்சீங்க? இனிமே செரமப்பட வேணாம். நீங்க நிம்மதியா உக்காந்து பூசை பாருங்க பாட்டி."

நான் பயந்தபடியே சொல்லிவிட்டார்! எரிச்சலில் கையை உதறிக்கொண்டு வந்துவிட்டேன். சாவி அமல்ராஜிடமே இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவன் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் போய்விடுகிறான். என் மேல் கோபம் போலிருக்கிறது. அவன் கொடுத்ததை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன் அல்லவா.

அடுத்த ஞாயிற்றின் முதல் வாசகத்தைச் சாமியார் கிளாராவுக்குக் கொடுத்தார். மாட்டேன் என்று அழுதாள். நான்தான் அதட்டி ஒத்துக்கொள்ள வைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என் மனசு நோகக் கூடாதாம். கதவுக்கு அந்தப் பக்கம் முணுமுணுப்பு கேட்டது. ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. பீட்டர்ராஜ் வந்து, "என்னம்மா, வெளக்குகூடப் போடாம உக்காந்திருக்க?" என்று கேட்டான். எனக்கு எல்லாம் ஒன்றுதான் என்று சொல்ல வந்து, அடக்கிக்கொண்டேன்.

ஞாயிறன்று முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். கிளாரா மேடை ஏறினாள். குரல் நடுங்கிற்று, ஆனால் திக்கவில்லை. நன்றாகவே வாசித்தாள். கண்ணை மூடிக்கொண்டு அவளோடு போய்க்கொண்டிருந்தேன். கடைசி வரி வந்தது. அதன் பிறகு ஒரு மூச்சு விட்டு, வாசிக்கிறவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்குச் சனம் பதில் சொல்ல வேண்டும். கிளாரா அந்த மூச்சை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆண்டவரின் அருள்வாக்கு!"

சொன்னது அவள் இல்லை. நான். உட்கார்ந்த இடத்திலிருந்து, மைக் இல்லாமல், கடைசி வரிசைக்குக் கேட்கிற அதே தொண்டையில். என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

ஒரு நொடிகூட யோசிக்காமல் கோயில் முழுக்க எனக்குப் பதில் சொன்னது. "இறைவா உமக்கு நன்றி."

அதன் பிறகுதான் சின்னப் பிள்ளைகள் சிரித்தன. யாரோ அவர்களை உஸ்ஸென்று அடக்கினார்கள். கிளாரா மேடையில் சொல்ல ஒன்றுமில்லாமல் நின்றாள். அந்தச் சனம் எனக்குப் பதில் சொல்வது அதுவே கடைசித் தடவை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். இனி ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான் அழுத்திப்பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும்.