இரு வீட்டு மாடிக்கதவு

அன்று அவ்விடத்து இருந்தவர்கள் இவர்களே: எம் குடியின் தலைவர் மொய்து இராவுத்தர், அவர் தங்கை ஜொஹரா பீவி, தங்கை மகள் ஜுமைலா, அவளுக்கு மணநாள் குறிக்கப் பாலக்காட்டிலிருந்து வந்திருந்த, மாப்பிள்ளையின் பெரியப்பா பரீத் இராவுத்தர், கொத்தன் இசக்கிமுத்து, அடுத்த வீட்டு யூதப் பெருமாட்டி ரகேல். வேறு எவரும் இலர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் ஆண்டின் ஆடி மழை மட்டாஞ்சேரியின் மேல் ஓயாது இறங்கிக்கொண்டிருந்த நண்பகல் அது. ஒல்லாந்தர் எழுப்பிய தடித்த சுவர்களும், மலையாளத் தச்சர் சரித்திறக்கிய ஓட்டுக் கூரைகளும், கூர்ச்சர வணிகர் பூவேலை செதுக்குவித்த வாயில்களும், நெரிசலில் தோளோடு தோள் உரசி நிற்கும் மாந்தரைப்போல, இடையில் எலி நுழையவும் வழிவிடாது காயல் வரை நெருங்கி நின்றன. கீழே மிளகும் சுக்கும் மேலே மக்களுமாக வாழ்ந்த அவ்வீடுகளுள், எம் இல்லத்துக்கும் ரகேலின் இல்லத்துக்கும் சுவர் ஒன்றே. மாடியில் அச்சுவரிடையே ஒரு கதவு. பகலில் தெருவில் கால்வையாத எம் பெண்டிர் உறவு கொண்டாடிய வழி அதுவே.

ரகேல் வீட்டை விற்றுவிட்டுத் தம் முன்னோர் நாட்டுக்குக் கப்பலேற இருந்தார். வாங்கிய இஞ்சி வணிகரோ, மாலையில் தம் ஆட்கள் திறவுகோல் பெற வரும்போது சுவர் முழுதாய் இருத்தல் வேண்டும், இல்லையேல் விற்பனை இல்லை என்றார். அடைத்துத் தருவதாக மொய்து வாக்களித்தார்.

கொத்தன் மாடியேறுமுன், முறைப்படி, அவர் கீழிருந்தே குரல் கொடுத்தார்.

"பெண்டுக எல்லாம் மறைவுக்குப் போயாச்சா?"

"போயாச்சு அண்ணே, பணி தொடங்கச் சொல்லுங்க" என்றாள் அடுக்களையிலிருந்து ஜொஹரா பீவி.

ஜுமைலாவும் மறைந்துதான் இருந்தாள். அயலான் காலடி கேட்டதும், அடைபட இருந்த அக்கதவின் வழியே ரகேலின் அறைக்குள். அயலான் கேட்கக் குரலெழுப்ப அவள் தயங்கி நிற்க, கடைசிக் கல் அமர்ந்து சாந்து பூசிய பின்னரே, மறுபுறம் தட்டும் ஒலி எழுந்தது.

"மொதலாளி! சுவரு பேசுது!" என்று அலறினான் இசக்கிமுத்து.

மொய்து படிகளில் விரைந்தேற, பரீத் பின்தொடர்ந்தார்.

"மொய்து, பெண்ணு என் கூட உண்டு. பேடிக்காதே, பயம் வேண்டா" என்றது ரகேலின் குரல்.

"ஈரம் காயல்ல மொதலாளி, நாலு கல்ல உருவினா வந்துருவாக."

"வேண்டாம் மாமா!" என்றாள் ஜுமைலா. "அந்த ஆளுக வர்ற நேரம். உடைஞ்ச சுவரைப் பாத்தா ரகேலம்மா பயணம் நின்னுபோகும். நான் தெரு வழியா வாறேன்."

"இராவுத்தர் வீட்டுப் பொண்ணு, பட்டப்பகல்ல, தெருவுலயா?" என்றார் பரீத். மொய்துவோ, கலங்கிய கடலில் நங்கூரம் அறுந்த மரக்கலம்போல் மாடிக்கும் வாயிலுக்குமாக அலைந்து, முடிவில் குடையை எடுத்து வாசற்படியில் நின்றார். கால் மட்டும் எழவில்லை.

ஜுமைலா சுவரேறி ஓடினாள் என்றும், பரீத் மணத்தை முறித்துச் சென்றார் என்றும் இத்தெருவில் இன்றும் சொல்கின்றனர். அது பொய். அவள் தலை நிமிர்ந்து நடந்தே வந்தாள். மொய்துவின் கையிலிருந்து குடையை வாங்கிச் சென்று, அவளுக்குப் பிடித்து, தாம் நனைந்து வந்தவர் பரீத் இராவுத்தர்.