எட்டு அறைக்கு ஒரு மீட்டர்

ஐஸ்பெட்டியை விற்றது ஃபொசுவா. திருடி என்று பேர் வாங்கியதும் அவளேதான்.

கானா நாட்டுக் குமாசியில் அந்த வீட்டில் எட்டு அறை, எட்டுக் குடும்பம், எல்லோருக்கும் சேர்த்து ஒரே மீட்டர். அறையில் என்னென்ன ஓடுகிறதோ அதற்குத் தக்கபடி புள்ளி. பல்புக்கு ஒன்று, ஃபேனுக்கு இரண்டு, ஐஸ்பெட்டிக்கு ஆறு. பில் வந்தால் புள்ளிக்கணக்கில் பங்கு பிரித்து வசூலிப்பவர் பொன்சு வாத்தியார். ஐஸ்பெட்டியில் சோபோலோ என்கிற செம்பருத்திச் சர்பத்தைக் குளிரவைத்து சந்தையில் விற்றுத்தான் ஃபொசுவா கையில் நாலு காசு பார்த்து வந்தாள். "கரண்டு பில்லு நம்மளைத் தின்னுடும், இதைத் தள்ளிவிடு" என்று புருஷன் டார்க்வா இராத்திரியும் பகலும் ஓதினான். தள்ளிவிட்டாள். ஃபேனையும் நிறுத்தினாள். மோட்டார் ஓடினாலும் கரண்டுதானே என்று துணி அலசிய தண்ணீரைக் கக்கூசுக்கு எடுத்து வைத்தாள்.

அவள் பங்கு குறைந்தது. மொத்த பில் மட்டும் குறையவே இல்லை. அப்படியென்றால் மற்ற ஏழு அறையின் பங்கும் ஏறத்தானே செய்யும்?

எதிர் அறை அஜேவா முற்றத்தில் துணி பிழிந்துகொண்டே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "ஐஸ்பெட்டி போயிடுச்சாம், பில்லு மட்டும் போகலையாம். கட்டிலுக்கடியில என்னத்த ஒளிச்சு ஓட்டுறாளோ மகராசி."

ஃபொசுவாவுக்கு உடம்பு பற்றி எரிந்தது. பிழைப்பை விற்றவளைப் பார்த்தா இந்தப் பேச்சு?

"விடு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?" என்றான் டார்க்வா. அவன் முகத்தில் சுரணையே இல்லாததைப் பார்த்து அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

"நீங்க வேணா சும்மா இருங்க. நான் மூடிக் காட்டுறேன்."

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தேவாலயத்திலிருந்து திரும்பியதும் முற்றத்தில் நின்று கூப்பிட்டாள். "வாத்தியாரே, எல்லா அறையிலயும் எல்லாத்தையும் அணைக்கச் சொல்லுங்க. அப்புறம் ஒவ்வொரு அறை ஃபியூஸாப் பிடுங்குவோம். எவ திருடின்னு மீட்டரே சொல்லட்டும்."

எல்லாம் அணைந்தது. மீட்டரின் சிவப்பு விளக்கு மட்டும் நிற்காமல் மினுக்கிக்கொண்டிருந்தது. கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

"முதல்ல என் ஃபியூஸ்" என்றாள் ஃபொசுவா.

"எதுக்கு இந்த வீம்பு? வெயிலா இருக்கு, உள்ள வா" என்று டார்க்வா அவள் கையைப் பிடித்தான். உதறிவிட்டாள். வாத்தியார் பிடுங்கினார்.

சிவப்பு விளக்கு நின்றுபோனது.

யாரும் வாய் திறப்பதற்குள் பின்சுவருக்கு அந்தப்பக்கம் முடிவெட்டும் கடை வைத்திருக்கும் இத்ரிசு கையில் மெஷினோடு ஓடிவந்தான். பின்னாலேயே பாதித்தலை மழித்த ஒரு ஆள்.

"யாருண்ணே லைனைப் பிடுங்கினது? மாசாமாசம் டார்க்வா அண்ணனுக்குக் கரெக்டாக் காசு குடுத்துடுறேனே."

"எந்த லைனு?" என்றாள் ஃபொசுவா.

"உங்க அறை மச்சு வழியா வர்றதுதான் அக்கா. டிவி, ஃபேன், வெந்நி எல்லாம் அதுலதான் ஓடுது. வீட்டுக்காரங்க எல்லாருக்கும் தெரியும்னு அண்ணன் சொன்னாரே. முதல்ல ஐஸ்பெட்டி இருந்தா லோடு தாங்காது, அதை வித்தப்புறம் தரேன்னாரு. நானும் காத்திருந்துதான் வாங்கினேன்."

அஜேவா, "வேலியே பயிரை மேஞ்சிருக்கு" என்று முனகினாள். அதில் கேலியைவிடப் பாவப்படுகிற தொனிதான் அதிகம் இருந்தது. அதுதான் ஃபொசுவாவைச் சுட்டது.

பணத்தைக்கூட மன்னித்திருப்பாள். ஊரே அவளைத் திருடி என்றபோது, அவள் இடித்த ஃபூஃபூக் களியை அவள் எதிரே உட்கார்ந்து தின்றுகொண்டு, விடு விடு என்றானே. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

"எல்லாம் நம்ம பிள்ளைங்களுக்காகத்தான்..." என்று இழுத்தான் டார்க்வா.

"ஃபேன் இல்லாம வேர்த்து வேர்த்துப் படுத்துச்சுங்களே, அந்தப் பிள்ளைங்களுக்கா? வாயை மூடு."

நீங்க என்றே கூப்பிட்டுப் பழகிய வாய் அது.

அவள் வாத்தியார் பக்கம் திரும்பினாள். "புள்ளி போடுங்க வாத்தியாரே. என் அறைக்கு ஒரு பல்பு. அவ்வளவுதான்."

"கடையில ஓடினது? இத்தனை மாசத்துது?"

"அதை இந்த ஆளுகிட்ட வாங்கிக்குங்க."

வாத்தியார் தயங்கினார். "ரெண்டு பேரும் ஒரே அறைதானேம்மா?"

"நேத்து வரைக்கும்" என்றாள் ஃபொசுவா. அவன் துணிமணியை எடுத்து வர உள்ளே போனாள்.