கதவைச் சாத்தச் சொன்னேனே

சனிக்கிழமை ரொட்டிக்கடை வரிசையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டியதை ஊரே அன்றைக்கு வந்துதான் வாங்கும். மறுநாள் பேத்தி தேவாலயத்தில் முதல்முறை நற்கருணை வாங்குகிறாள், அந்தப் புதுநன்மைக்கு வீட்டில் விருந்து. லுத்கார்ட் அரை நாளை அந்த வரிசையிலேயே தொலைத்துவிட்டு, அரிசி வைத்துச் சுட்ட தார்ட் என்ற இனிப்பு அடை இருந்த பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். தெருமுனை திரும்பும்போதே ஓமேரின் சத்தம் கேட்டது.

ஓமேர் அடுத்த வீட்டுக்காரர். கத்துகிற ஆள்தான். அரசாங்கம், மழை, முழங்கால் என்று தினம் எதையாவது திட்டாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் புறா வரும் நேரத்தில் மட்டும் அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்காது. அன்று புறா வரும் நாள். அந்த நேரத்தில் அவர் கத்துகிறார் என்றால் ஏதோ ஆகக் கூடாதது ஆகியிருக்கிறது. லுத்கார்ட் நடையை எட்டிப் போட்டாள்.

பிரான்சில் காலையில் திறந்துவிட்ட பந்தயப் புறாக்கள் நண்பகலையொட்டி பெல்ஜியத்தில் இந்த ஆல்ஸ்ட் பக்கம் வந்து சேரும். அன்றைக்கு ஓமேர் தன் கேட்டில் ஒரு சிலேட்டைத் தொங்கவிடுவார். 'இன்று புறா' என்று மட்டும் எழுதியிருக்கும். பார்த்தவர்கள் கொடியில் காயும் துணியை எடுத்துவிடுவார்கள், புல் வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள், பூனையை உள்ளே போட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். புறா மிரண்டுபோய்க் கூரையிலேயே உட்கார்ந்துவிட்டால் பரிசு போச்சு. இதற்கெல்லாம் சட்டம் கிடையாது. ஆனாலும் அந்தத் தெருவில் யாரும் மீறியது கிடையாது.

லுத்கார்ட் காலையில் போகும்போது சிலேட்டைப் பார்த்தாள். கண் மங்கல்தான், ஆனாலும் நன்றாகவே பார்த்தாள். வீட்டுக்குத் திரும்பிப் போய், துடைக்க வந்திருந்த பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாமா என்றும் நினைத்தாள். அதற்குள் வரிசை நீண்டுவிடுமே என்று நடையைக் கட்டிவிட்டாள்.

அவள் வீட்டு அடுப்படியில் ஓமேர் நின்றிருந்தார். இப்போதுதான் துடைத்த ஈரத் தரையில் அவருடைய சேற்றுக் காலணித் தடங்கள். கையில் ஒரு புறா தலை தொங்கிக் கிடந்தது. மூலையில் துடைப்பக்கட்டையைப் பிடித்தபடி ரோசிட்சா நின்றாள். வாராவாரம் வீடு துடைக்க வரும் பல்கேரியப் பெண். விருந்துக்காக இந்த வாரம் மட்டும் நாளை மாற்றிச் சனிக்கிழமை வரச் சொல்லியிருந்தாள் லுத்கார்ட். பூஃப் என்ற அவளுடைய பூனையோ ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து, உலகத்தில் எதுவுமே நடக்காததுபோல முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது.

"பாரு! உன் பூனை பண்ணின காரியத்தப் பாரு!"

"ஐயோ ஓமேர்... இது நீலப் பெட்டைதானே?"

"நீலப் பெட்டைதான்! வேற எத நான் இப்பிடித் தூக்கிட்டு வருவேன்? எல்லாத்துக்கும் முன்னாடி ஒத்தையா வந்து எறங்குச்சு. கூண்டுப் பலகையில கால வச்சுச்சு. அவ்ளோதான். பின்னாடியிருந்து உன் வீட்டுப் புலி பாஞ்சிருச்சு." அவர் குரல் உடைந்தது, அதை மறைக்க இன்னும் சத்தமாகக் கத்தினார். "பின்கதவு ஆன்னு தொறந்து கெடக்கு! சிலேட்டு கண்ணுல படலையா உனக்கு? எத்தன வருஷமா இருக்க இந்தத் தெருவுல?"

லுத்கார்ட் தார்ட் பெட்டியை மேசையில் வைத்தாள். வைத்துக்கொண்டே சொன்னாள்.

"நான் சாத்தச் சொன்னேனே."

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்டது. ஆனால் வாயை விட்டுப் போய்விட்டது. இனி அதற்குக் கை கால் வைக்க வேண்டியதுதான்.

"போகும்போது சொல்லிட்டுத்தானே போனேன். கதவச் சாத்தி வை, பூனைய வெளிய விடாதேன்னு. சொன்னேனே."

சொன்னது என்னவோ நேர் எதிர். 'தரை சீக்கிரம் காயணும், பின்கதவத் தொறந்து வையி' என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள்.

ஓய்வு பெறும்வரை அவள் ஒரு காப்பீட்டு முகவரின் அலுவலகத்தில் இருந்தவள். பிராணி செய்த சேதத்துக்கு அதை வளர்ப்பவர் பொறுப்பு. அந்த நேரத்தில் பிராணி வேறொருவர் பார்வையில் இருந்தால் அவர் பொறுப்பு. காலமெல்லாம் தொலைபேசியில் இதைத்தான் ஓதிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு நாக்கு தானாகவே அந்தப் பாதையில் ஓடிவிட்டது. அதோடு, பயம். புருஷன் போன பிறகு கூரைத் தண்ணீர்க் குழாயில் அடைத்த இலையை அள்ளுவதும், கண் டாக்டரிடம் காரில் கூட்டிப்போவதும், சூப்புக்குத் தோட்டத்து லீக்ஸ் வெங்காயத்தாளைக் கொண்டுவந்து தருவதும் இந்த ஓமேர்தான். இந்த மனுஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவளுக்கு அந்தத் தெருவில் யாரும் இல்லை.

ஓமேர் ரோசிட்சா பக்கம் திரும்பினார். "சொன்னாங்களா இல்லையா?"

ரோசிட்சா லுத்கார்டைப் பார்த்தாள். கோபமான பார்வை இல்லை, எதையோ தேடுகிற பார்வை. லுத்கார்ட் தார்ட் பெட்டியின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"சொல்லியிருப்பாங்க ஐயா," என்றாள் ரோசிட்சா.

ஓமேருக்கு அது போதும். ரோசிட்சாவின் சட்டை முதுகில் அவளை வேலைக்கு அனுப்பும் நிறுவனத்தின் தொலைபேசி எண் பெரிதாக அச்சிட்டிருந்தது. "திரும்பு," என்றார். அவள் திரும்பி நின்றாள். அவர் எண்ணை அழுத்திக்கொண்டே தோட்டத்துக்குப் போனார். சனிக்கிழமை யார் எடுக்கப்போகிறார்கள்? பதிவு இயந்திரத்தில் அவர் கொட்டித் தீர்த்தது இரண்டு வீடு தள்ளிக் கேட்டிருக்கும்.

அதன் பிறகு லுத்கார்டால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தட்டுகளை அலமாரியிலிருந்து இறக்கினாள், துடைத்தாள், மறுபடி ஏற்றினாள். மேசை விரிப்பை விரித்தாள், பிடிக்கவில்லை, மடித்தாள். ஓமேர் வீட்டுப் பக்கம் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று போய்ப் போய் நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. பூஃப் காலைச் சுற்றிக்கொண்டு உரசியது. "போ சனியனே," என்றாள். அது போகவில்லை.

ரோசிட்சா வேலையை நிறுத்தவில்லை. காலணித் தடங்களைத் துடைத்தாள். ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, துடைத்ததை மறந்ததுபோல மறுபடியும் துடைத்தாள்.  'ஏன் பொய் சொன்னீங்க' என்று அவள் வாய்விட்டுக் கேட்டால்கூடத் தேவலை என்று லுத்கார்டுக்கு இருந்தது. கேட்டால் சண்டை போடலாம். சண்டை போட்டால் நெஞ்சு கொஞ்சம் லேசாகும்.

நடுவில் ஒரு காப்பி குடிப்பது இருவருக்கும் வழக்கம். லுத்கார்ட் கோப்பைகளை வைத்தாள், பிஸ்கட் வைத்தாள். ரோசிட்சா கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டா? காலைல நீங்க அதச் சொன்னப்போ நான் வாக்யூம் போட்டுக்கிட்டிருந்தேனா?"

"எத?"

"கதவச் சாத்தச் சொன்னீங்கல்ல, அத. தொறந்து வையின்னு சொன்னதுதான் எனக்கு ஞாபகம் இருக்கு. அப்புறமா மாத்திச் சொல்லியிருப்பீங்கபோல. எனக்குத்தான் மண்டையில ஏறல." ரோசிட்சா தன் நெற்றியில் தட்டிக்கொண்டாள். "என் டச்சு இன்னும் இப்பிடித்தான் இருக்கு. தங்கச்சி எப்பவும் திட்டுவா, புரியாட்டியும் நீ தலையத் தலைய ஆட்டுறேன்னு. இன்னைக்கும் அப்பிடித்தான் ஆட்டியிருப்பேன்."

லுத்கார்ட் எடுத்த கோப்பையை மறுபடி கீழே வைத்தாள். இவள் என்னைச் சந்தேகப்படவே இல்லையா? கடவுளே, தன்னையே சந்தேகப்படுகிறாளே!

"திங்கக்கெழம ஆபீஸுக்கு வரச் சொல்லி முன்னாடியே கூப்பிட்டிருந்தாங்க மேடம்," என்றாள் ரோசிட்சா. "வேலைய நிரந்தரம் பண்றதா, போகச் சொல்றதான்னு பாக்க. ஏற்கெனவே ஒரு வீட்டு நாய் வாக்யூம் ஒயரக் கடிச்சுப்போட்டதுக்கு என் பேர்லதான் புகார் இருக்கு. இதுவும் சேந்தா..." தோளைக் குலுக்கினாள். "தங்கச்சி வீட்டு சோபாவுல இன்னும் எத்தன நாள் படுக்கிறது? வாடகைக்கு ரூம் கேட்டா, நிரந்தர வேலையான்னுதான் முதல் கேள்வி."

இப்போது சொல்லிவிடலாம். அடுப்படியில் வேறு யாரும் இல்லை. ஒரே ஒரு வாக்கியம். லுத்கார்ட் வாயைத் திறந்தாள்.

"காப்பி ஆறிடும், குடி," என்றாள்.

என்ன பிறவி நான் என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ரோசிட்சா ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தாள்.

"நான் போய் அந்த ஐயாகிட்ட நேர்ல மன்னிப்புக் கேட்டுட்டு வந்துர்றேன். அதுதான் மொற."

"இப்ப வேணாம். அவரு கோவத்துல இருக்காரு."

"கோவத்துல இருக்கும்போதுதான மேடம் கேக்கணும்?" என்று சொல்லிவிட்டு அவள் பின்கதவு வழியாகப் போனாள். போகும்போது மறக்காமல் கதவைச் சாத்தினாள். சாத்தியிருக்கிறதா என்று கைப்பிடியை அழுத்தியும் பார்த்தாள்.

அந்தக் கைப்பிடிச் சத்தம்தான் லுத்கார்டை எழுப்பியது. கொஞ்ச நேரம் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு மேலங்கிகூடப் போடாமல் வெளியே ஓடினாள்.

ஓமேர் புறாக்கூண்டின் முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு, தொலைபேசியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அவர் முடிக்கட்டும் என்று ரோசிட்சா ஒதுங்கி நின்றாள். லுத்கார்டும் அவள் பக்கத்தில் போய் நின்றாள். நாற்காலியில் ஒரு பழைய துண்டில் நீலப் பெட்டை சுற்றிக் கிடந்தது.

"ஆமாய்யா, பதிவாகியிருக்கு. இல்லேன்னு யாரு சொன்னா?" பேசியது புறாச் சங்கத்தோடு. புறாவின் காலில் ஒரு வளையம் உண்டு. கூண்டு வாசலில் இருக்கும் தட்டை அந்தக் கால் கடந்தால் மணி அடித்து, வந்த நேரம் தானாகப் பதிவாகிவிடும். "அடிச்சுச்சு. நான் கை தட்டிட்டே எந்திரிச்சேன், மொதப் பரிசுன்னு. அப்புறம் பாத்தா, கூண்டுக்கு வெளிய ஒரு வால் ஆடுது. பூனை வாயில கவ்வி உள்ள இழுத்திருக்குய்யா! அதுக்குத்தான் மணி அடிச்சிருக்கு."

மறுமுனை ஏதோ சமாதானம் சொன்னது.

"இல்ல. அந்தப் பதிவ அடிச்சு விட்டுருங்க. அது தன் காலால உள்ள போகல." மறுபடி காது கொடுத்துக் கேட்டார். "தெரியும், யாரும் பாக்கலதான். யாருக்கும் தெரியாதுதான். நான் பாத்தேன்ல?"

தொலைபேசியைப் பையில் போட்டுவிட்டுத் திரும்பினார். கண் சிவந்திருந்தது. இரண்டு பெண்களைப் பார்த்ததும் அவசரமாக மூக்கைத் துடைத்தார்.

"ஐயா," என்று ஆரம்பித்தாள் ரோசிட்சா, "தப்பு என்னோடதுதான், மேடம் சொன்னத நான் சரியா..."

"இவ மேல ஒரு தப்பும் இல்ல," என்றாள் லுத்கார்ட். குரல் கீச்சென்று வந்தது. "நான் சாத்தச் சொல்லவே இல்ல. தொறந்து வைக்கச் சொன்னேன். தரை காயணும்னு. ஓமேர், நான் சிலேட்டையும் பாத்தேன். பாத்துட்டுத்தான் போனேன். எல்லாம் பாத்துட்டு, இவ தலையில போட்டேன்."

ஓமேர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை.

"பூனை பூனை வேலையப் பண்ணுச்சு," என்றார் மெதுவாக. "அத விடு. எம் மூஞ்சியப் பாத்துப் பொய் சொன்னியே, லுத்கார்ட்."

"சொன்னேன்."

"ஏன்?"

"நீ எங்கூடப் பேசறத விட்டுருவியோன்னு."

அவர் துண்டை இழுத்துப் புறாவை மூடினார். ரோசிட்சாதான் பேசினாள். முகம் குப்பென்று சிவந்திருந்தது.

"மத்தியானம் பூரா என்னையே திட்டிக்கிட்டிருந்தேன், மேடம். செவிடு, முட்டாள்னு. ஜன்னலத் தொடைக்கும்போது உங்க டச்சு வார்த்தையெல்லாம் ஒவ்வொண்ணா மனசுக்குள்ள சொல்லிப் பாத்தேன். எதிர்லயே இருந்து காப்பி ஊத்திக் குடுத்தீங்க!"

"ஆமா," என்றாள் லுத்கார்ட்.  தன் தொலைபேசியை எடுத்தாள். "திரும்பும்மா, அந்த நம்பர் வேணும்."

ரோசிட்சா அன்றைக்கு இரண்டாம் முறையாக முதுகைக் காட்டி நின்றாள். லுத்கார்ட் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள், கையை நீட்டிப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. எண்கள் கலங்கின, கண் மங்கலா கண்ணீரா என்று பிரிக்க முடியவில்லை. ஓமேர் கொஞ்ச நேரம் அவள் திண்டாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எரிச்சலோடு ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். அவள் அழுத்தினாள்.

பதிவு இயந்திரம் கூவி முடித்ததும் தன் பெயரையும் முகவரியையும் சொன்னாள். "இதுக்கு முன்னாடி வந்த புகார் சரியில்ல. கதவத் தொறந்து வைக்கச் சொன்னது நான்தான். ரோசிட்சா நான் சொன்னபடிதான் செஞ்சா. பூனை என்னோடது, பொறுப்பும் என்னோடது. திங்கக்கெழம நானே நேர்லயும் வந்து சொல்றேன்." 

"ஆபீஸுக்கு எதுல போவ?" என்றார் ஓமேர். "பஸ் நம்பரே தெரியாது உனக்கு."

"நடந்து போவேன்."

"கிழிச்ச," என்றார். கூட்டிப்போகிறேன் என்று சொல்லவில்லை. துண்டோடு நீலப் பெட்டையைத் தூக்கிக்கொண்டு, புதைக்க மண்வெட்டி எடுக்கப் போனார்.

லுத்கார்ட் ரோசிட்சா பக்கம் திரும்பினாள். கேட்கவே கூசியது.

"அடுத்த வாரம் வருவியா?"

ரோசிட்சா பையிலிருந்து கையுறையை எடுத்து ஒவ்வொரு விரலாக மாட்டிக்கொண்டாள். இன்னும் மாடிப்படி துடைக்க வேண்டியிருந்தது.

"வருவேன் மேடம். ஆனா இனிமே எங்கிட்ட எதச் சொல்றதா இருந்தாலும், அந்த ஐயாவக் கூப்பிட்டுப் பக்கத்துல சாட்சியா வச்சுக்கிட்டுச் சொல்லுங்க."

மண்வெட்டியோடு திரும்பிய ஓமேரின் காதிலும் அது விழுந்தது. அவர் சிரிக்கவில்லை. லுத்கார்ட் சரி என்று தலையாட்டினாள்.